நாலு விரல் உயரம்

எனக்கு நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். திண்டிவனத்தில் காலையில் நடக்கப் போகிறவர்கள் கும்பலாகத்தான் போவார்கள். எதிரே வருகிறவரை நிறுத்தி எந்தத் தெரு, எந்தக் கடை, எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பார்கள். நான் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையின் குடோனில் வேலை பார்க்கிறேன். கல்லாவுக்கு வந்து உட்காரச் சொல்லி முதலாளி இரண்டு முறை கூப்பிட்டும் போகாதவன். வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டுமே என்றுதான். நடப்பதற்குப் பதில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். சைக்கிளில் போகிறவனை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை.

வீட்டில் பழைய கறுப்புச் சைக்கிள் ஒன்று இருந்தது. அதில் விடிந்ததும் கிளம்பி, கூட்டேரிப்பட்டு வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். சர்க்கரை போடாத டீ. ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரம் பக்கமிருந்து நாலைந்து பேர் வளைந்த கைப்பிடி வைத்த சைக்கிள்களில் வருவார்கள். தலையில் ஹெல்மெட். என்னைக் கடக்கும்போது ஒருவர் கையைத் தூக்குவார். நான் பார்க்காதது போல வரப்பைப் பார்த்துக்கொண்டு போவேன். ஆனால் அவர்கள் போன பிறகு வெகுதூரம் அந்தச் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தமே இல்லாமல் போகும். அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

விழுப்புரத்தில் அந்த மாதிரி சைக்கிள்கள் வைத்திருக்கும் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடைக்கு நான் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை பஸ் ஏறக் கிளம்பியபோது என் மனைவி, "என்னப் பாக்க ஒரே வாட்டிதான் வந்தீங்க. அதுவும் தலைய நிமிர்த்தல. இந்தச் சைக்கிள மட்டும் மூணு வாட்டி போய்ப் பாக்கறீங்க" என்றாள். அவள் சொன்னது உண்மைதான்.

முதல் முறை போனபோது எனக்குப் பிடித்தது ஒரு சிவப்புச் சைக்கிள். டயர் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. கைப்பிடி சீட்டைவிடத் தாழ்ந்து இருந்தது. கடைக்காரர் என்னைவிட வயதில் சின்னவர், கையெல்லாம் கிரீஸ். எதுக்காக ஓட்டப்போறீங்க சார் என்று கேட்டார். "சும்மாதாங்க" என்றேன். கடைக்கு முன்னால் இருந்த தெருவில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷத்தில் உள்ளங்கை மரத்துவிட்டது. திரும்பி வந்ததும் எப்படி இருக்குது என்று கேட்டார். "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டில் கேட்டு வருவதாகக் கிளம்பிவிட்டேன்.

இரண்டாம் முறையும் அதே சைக்கிள், அதே கேள்வி, அதே பதில். ஆனால் இந்த முறை அவர் என்னை விடவில்லை.

"சார், எல்லாரும் நல்லா இருக்குதுன்னுதான் சொல்றாங்க. அப்புறம் ஒரு மாசத்துல வித்துக் குடுங்கன்னு வந்து நிக்கறாங்க. நல்லா இருக்கறத என்கிட்ட சொல்ல வேணாம். எங்க வலிக்குதோ அத சொல்லுங்க."

கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, என்னைச் சுவரோடு சாய்ந்து நிற்கச் சொன்னார். செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே வரை தள்ளி வைத்து, அங்கிருந்து தரை வரை டேப்பால் அளந்தார். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். கூச்சத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அவர் ஓரமாக நின்ற ஒரு சாம்பல் நிறச் சைக்கிளைக் காட்டினார். அதுவும் வளைந்த கைப்பிடிதான். ஆனால் முன்பக்கம் உயர்ந்து, கைப்பிடி சீட்டுக்குச் சமமாக இருந்தது. எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. டயரும் கொஞ்சம் அகலம். சிவப்பு பந்தயத்துக்குப் போகிறவனுக்கு, இது தினமும் போகிறவனுக்கு என்றார். நம்ம ரோட்டில் குலுங்குகிற குலுக்கலை டயர் வாங்கிக்கொண்டால்தான் கைக்கு வராது என்றார். பார்க்க அது சிவப்பு மாதிரி அழகாக இல்லை. யோசித்து வருகிறேன் என்று அன்றும் கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் முறை போன அன்றுதான் அது நடந்தது. கடையில் கூட்டம். கடைக்காரர் வேறொருவருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டே சாம்பல் சைக்கிளைக் கையால் காட்டி, எடுத்துக்கினு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சார் என்றார். ஏறினேன். கால் பெடலுக்கு எட்டி எட்டிப் போனது. புதுச் சைக்கிள் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக் பிடித்து இடது காலை ஊன்றப் போனேன். தரை கிடைக்கவில்லை. கால் கீழே போய்க்கொண்டே இருந்தது. கல்லும் மண்ணும் கண்ணுக்கு நேராக வந்தன. ஆட்டோவின் பின்கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை.

கடைக்காரர் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சீட்டைப் பார்த்தார்.

"என் தப்பு சார். காலைல ஒரு ஒசரமான ஆளுக்கு ஏத்தி வச்சேன். எறக்காம குடுத்துட்டேன். மன்னிச்சிக்குங்க."

சொல்லிவிட்டு, நட்டு முறுக்கும் வளைந்த சாவி ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சீட்டை இறக்க ஆரம்பித்தார். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று அவர் குனிந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழப் பார்த்ததில் பயந்துபோய் நிற்கிறேன் என்று நினைத்து அவர் டீ வாங்கி வரச் சொன்னார். இதே தப்பைச் செய்துவிட்டு, இருபத்திரண்டு வருஷமாக 'என் தப்பு' என்ற அந்த இரண்டு வார்த்தையை நான் சொல்லாமல் இருந்தேன்.

எனக்கு ஒரு அக்கா. மூன்று வயது மூத்தவள். 1993-இல் அவள் ஓமந்தூர் பக்கம் ஒரு கிராமத்துப் பால்வாடியில் வேலை செய்தாள். திண்டிவனத்திலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவாள். பச்சை நிற லேடீஸ் சைக்கிள், அவள் சம்பளத்தில் வாங்கியது. சனிக்கிழமை சாயந்திரம் துணியும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் கம்பி கம்பியாகத் துடைப்பாள். ஏரிக்கரை இறக்கத்தில் பெடலை மிதிக்காமல் கையை லேசாக வைத்துக்கொண்டு போவேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். வீட்டில் சொல்லாதே என்றாள்.

நான் அப்போது பத்தாவதோடு நின்றுவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அக்கா வீட்டில் இருப்பாள், சைக்கிளை நான் எடுத்துக்கொள்வேன். எனக்குக் கால் நீளம். ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, சீட்டை நாலு விரல் ஏற்றிக்கொள்வேன். சாயந்திரம் வந்ததும் பழையபடி இறக்கி வைக்க வேண்டும். அதுதான் பேச்சு. சரியாக இறக்குவதற்காக அவள் உயரத்துக்குச் சீட்டுக் கம்பியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் இறக்கவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஸ்பேனர் வீட்டுக்குள் இருந்தது, எழுந்து போய் எடுக்கச் சோம்பல். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையில் நான் எழும்போது அக்கா போய்விட்டிருந்தாள்.

எதிரே பஸ் வந்ததால் ஓரங்கட்டி நிற்கப் போய் விழுந்தாள் என்று பத்து மணிக்குச் சொல்லி அனுப்பினார்கள். இடது மணிக்கட்டு உடைந்துவிட்டதாம். அம்மாவும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் சாத்திவிட்டுப் போனார். நான் மட்டும்தான் வீட்டில். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்கவில்லை. உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்தேன். முந்தின நாள் எழ முடியாதவன் அன்றைக்கு எவ்வளவு வேகமாக எழுந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். கம்பியில் கீறல் தெரியும்வரை சீட்டை இறக்கி நட்டை முறுக்கினேன். மேலே மண் ஒட்டியிருந்ததைத் துடைக்காமல் அப்படியே விட்டேன்.

சாயந்திரம் அப்பா சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். சீட்டில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். அப்படியானால் குறை அக்காவிடம்தான். பக்கத்து வீட்டு அம்மாள், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா சைக்கிளு. புடவையப் பாக்குமா, ரோட்டப் பாக்குமா" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவும் ஆமாம் என்றாள். நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

எலும்பு கூடியது, ஆனால் கொஞ்சம் வளைந்து கூடியது. இனி சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊருக்கு நேரத்துக்குப் பஸ் இல்லை. வேலையை விட்டாள். மறு வருஷம் அவளை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். திருவிழாப் பூசைக்கு எங்கள் ஊருக்கு வரும்போது பார்ப்பேன், வளையல் வலது கையில் மட்டும்தான் போட்டிருப்பாள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி நாங்கள் பாவசங்கீர்த்தனம் செய்வோம். அக்கா விழுந்த அடுத்த வருஷமே சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அவர், போய் அக்காவிடம் சொல், அதுதான் உனக்கு அபராதம் என்றார். நான் சொல்லவில்லை. அதற்கடுத்த வருஷத்திலிருந்து வெளியூர்ச் சாமியார்கள் வந்து உட்காரும் வரிசையாகப் பார்த்து நின்றுகொண்டேன். சீட்டை இறக்காமல் விட்டேன், பிறகு மறைத்தேன் என்று வருஷா வருஷம் சொல்வேன். மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டு எழுந்து வருவேன். கடவுளிடம் சொல்லியாயிற்று, அவளிடம் வேறு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

கடையில் விழப் பார்த்த அன்றைக்கே அந்தச் சாம்பல் நிறச் சைக்கிளையே வாங்கினேன். கடைக்காரர் சீட்டை என் அளவுக்கு வைத்து, நிற்கும்போது சீட்டைவிட்டு முன்னால் இறங்கிக் கால் ஊன்ற வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். டெம்போவில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். கூட்டேரிப்பட்டு போய் வந்தேன். பிறகு விக்கிரவாண்டி டோல்கேட் வரை. கை மரக்கவில்லை, கழுத்து வலிக்கவில்லை. அது சுகமாகப் போகப் போக எனக்கு உள்ளே சுகமில்லாமல் போனது. இடுப்புக்கும் கைக்கும் காலுக்கும் மூன்று நாள் போய் அளவு பார்த்து வாங்கிக்கொண்டவன் நான். அவளுக்கு நாலு விரல் இறக்கி வைக்க எனக்கு முடியவில்லை.

தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, முதல் பூசை முடிந்ததும் விழுப்புரத்தில் அக்கா வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு தூரம் அதுவரை போனதில்லை. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். விக்கிரவாண்டி தாண்டியதும் எல்லாம் மறந்துவிட்டது.

மாமா கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா முறத்தை மடியில் வைத்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இடது கையால் முறத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் தரையில் வைத்து நசுக்கி உரித்தாள். சைக்கிளைப் பார்த்துவிட்டு, இதிலயா வந்த என்று ஆச்சரியப்பட்டாள். தண்ணீர் கொடுத்தாள். சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, நீ விழுந்த அன்னிக்கு சீட்டு ஒசரமா இருந்துது. நான்தான் எறக்காம விட்டேன். அப்புறம் யாரும் பாக்கறதுக்குள்ள எறக்கியும் வச்சிட்டேன்."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஏறும்போதே தெரிஞ்சிதுடா. நேரமாவுது, உன்ன எழுப்புனா சண்டை வரும்னு அப்படியே போய்ட்டேன்."

எனக்கு மூச்சு வந்தது போல இருந்தது. அவளுக்கும் தெரியும், அவ்வளவுதானா என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காகவும் இப்போது வெட்கப்படுகிறேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"சீட்டு கெடக்கட்டும். எனக்கு அது ஒண்ணும் பெருசு இல்ல. கட்டுப் பிரிச்ச அன்னிக்கு வெளிய வந்து பாக்கறேன், சைக்கிளக் காணோம். நீ வேலைக்கு எடுத்துக்கினு போய்ட்ட. சாயந்திரம் வந்து நிறுத்துன பாரு, போய்ப் பாத்தேன். சீட்டு மேல இருந்துது. கம்பில செவப்பு பெயிண்டால கோடு போட்டு வச்சிருந்த. உன் அளவுக்கு."

நான் அதை மறந்தே போயிருந்தேன். அவள் சொன்னதும் அந்தக் கோடு கண்முன் வந்தது. குடோனில் கிடந்த பெயிண்ட். எங்கள் முதலாளி என்னை வேலைக்குச் சேர்த்ததே என்னிடம் சைக்கிள் இருந்ததால்தான். வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். சைக்கிள் இருக்குதா என்று கேட்டார். இருக்குதுங்க என்றேன். அக்காவின் கையில் அப்போது மாவுக்கட்டு இருந்தது. அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. அவள் விட்ட வேலைக்கும் எனக்குக் கிடைத்த வேலைக்கும் நடுவில் அந்தச் சைக்கிள் நின்றதை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் சாமியார்களிடம் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நீ கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"கேக்கலாம்னுதான் இருந்தேன். மொத மொதல்ல வேலைக்குப் போற. அம்மா வேற சந்தோஷமா இருந்தாங்க. எங்க கேக்கறது" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

இந்தச் சைக்கிளை நீ எடுத்துக்கோ அக்கா என்றேன். அவள் எழுந்து போய் அதைச் சுற்றி வந்தாள். நடுக்கம்பியைத் தொட்டாள். சீட்டில் கை வைத்து, அது தன் இடுப்புக்கு மேல் எங்கே வருகிறது என்று பார்த்தாள்.

"உன் காலுக்கு வாங்குனத எனக்குக் குடுக்கறியா? மறுபடியும் எறக்கி எறக்கி ஓட்டணுமா நானு?" என்று கேட்டுவிட்டு, "கடை எங்க இருக்குது?" என்றாள்.

வழி சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவள் என்னையும் கூடவே வரச் சொன்னாள். நீ ஒண்ணும் பேசாத, சும்மா வா என்றாள். அது எனக்குச் சிரமமில்லாத வேலை.

கடைக்காரரிடம் அவள் என்னைப் போலத் தயங்கவில்லை. மணிக்கட்டை நீட்டி, இது இதுக்கு மேல மடங்காது, இந்தப் பக்கத்துப் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வராது என்று சொன்னாள். அவர் நடுக்கம்பி தாழ்ந்த ஒரு சைக்கிளை எடுத்து, கைப்பிடியை உயர்த்தி, இடது பிரேக்கைக் கைக்குப் பக்கமாகக் கொண்டுவந்தார். இங்க வலிக்குது என்றாள். இன்னும் கொஞ்சம் திருப்பினார். இப்பவும் வலிக்குது என்றாள். நாலு தடவை மாற்ற வைத்தாள். நான் டயர்களை எண்ணுவது போல ஒதுங்கி நின்றேன்.

பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாள். முதல் நாலு அடி சைக்கிள் கோணலாகப் போனது. நான் பின்னாலேயே இரண்டடி ஓடினேன். அதற்குள் நேராகிவிட்டது. தெருமுனையில் திரும்பி மறைந்தாள். வெகுநேரம் வரவில்லை. கடைக்காரர், வந்துடுவாங்க சார், ரோட்டயே பாத்துக்கினு நிக்கறீங்களே என்றார். வரும்போது அவள் பெடலை மிதிக்கவில்லை. சைக்கிள் தானாக வந்துகொண்டிருந்தது. கடைக்கு முன்னால் பிரேக் பிடித்தாள். இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிந்தன.

இது போதும் என்றாள்.

கடைக்காரர் கடைசியாகச் சீட்டுக்குக் கீழே இருந்த ஒரு லீவரைக் காட்டினார். இதைக் கையாலேயே திறந்து சீட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், சாவி எதுவும் வேண்டாம், வீட்டில் வேறு யார் ஓட்டினாலும் வசதி என்றார். அக்கா அதைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள்.

"இது வேணாம். நட்டு போட்டு இறுக்கிடுங்க. வேற யாரும் ஓட்ட மாட்டாங்க."

அவர் லீவரைக் கழற்றிவிட்டு நட்டு மாட்டி முறுக்கினார். என் சைக்கிளுக்கு வைத்தது போன்ற வளைந்த சாவி. முறுக்கி முடித்ததும், ஆம்பளை கையில் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தச் சாவியை என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தலையால் அக்காவைக் காட்டினேன். அவள் வாங்கி, பர்ஸில் ஜெபமாலை வைத்திருக்கும் அறையைத் திறந்து, உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள்.